பி.எட். இருக்கு... சி.ஆர்.ஆர். எண் இருக்கா?

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்பு ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டு, உரிய பதிவு இல்லாமல் ஒருவர் வேலை பார்த்தால் என்ன தண்டனை தெரியுமா? ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம், 13-ஆவது பிரிவு. ஆயிரம் ரூபாய் என்பதைப் படித்துச் சிரித்துவிட்டு நகரலாம். அந்தக் காலத்துக் கணக்கு அது. ஆனால் அந்தப் பிரிவு சொல்ல வருவது சிரிக்கிற சங்கதி அல்ல. பேச்சுப் பயிற்சியாளர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், செயற்கைக் கால் பொருத்துபவர் என்று கவுன்சில் வைத்திருக்கும் 16 வகைத் தொழில் வல்லுநர் பட்டியலில் சிறப்பு ஆசிரியரும் ஒருவர். மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏறி, சி.ஆர்.ஆர். எண் கைக்கு வந்த பிறகுதான் அரசிலோ தனியாரிலோ அவர் அந்த வேலையைப் பார்க்கலாம்.

சாதாரண வகுப்பாசிரியரை இந்தப் பிரிவு தொடாது. அவர் வகுப்பில் ஆட்டிசம் உள்ள பிள்ளை இருந்தால் அவர் தாராளமாகப் பாடம் நடத்தலாம். சொல்லப்போனால், நடத்தியே ஆக வேண்டும். பத்துப் பதினைந்து வருஷம் சாக்பீஸ் பிடித்த அந்த ஆசிரியருக்கு, 'இந்தப் பிள்ளைகளுக்கான வேலைக்கே போய்விடலாமே' என்று ஒருநாள் தோன்றும் பாருங்கள், அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. டி.டி.எட். இருக்கும், பி.எட். இருக்கும், டெட் தேர்ச்சி இருக்கும், அனுபவம் இருக்கும். கதவு திறக்காது. மறுபடி முதலிலிருந்து, இரண்டு வருஷம்.

ஏன் இப்படி? பொது ஆசிரியர் பயிற்சியைக் கவனிப்பது தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலான என்.சி.டி.இ.; அது கல்வி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. சிறப்பு ஆசிரியர் பயிற்சியைக் கவனிப்பது மறுவாழ்வு கவுன்சிலான ஆர்.சி.ஐ.; அது சமூக நீதி அமைச்சகத்தின் கீழ், மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறையில் வருகிறது. குழந்தை ஒன்று, பள்ளி ஒன்று, வகுப்பறை ஒன்று. ஆசிரியரை உருவாக்கும் கோப்பு மட்டும் டெல்லியில் இரண்டு கட்டடங்களில் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே பாலம் போட வேண்டியது யார் வேலை என்பதில் முப்பது வருஷமாகத் தெளிவு இல்லை.

திடீரென்று எல்லோருக்கும் தேவை

இந்தப் பாலத்தைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும்? 2021 அக்டோபர் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நீதிபதி கான்வில்கர் தலைமையிலான அமர்வு. மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் பொதுப் பள்ளியில் படிக்கலாம் என்று சட்டம் சொல்லிவிட்டு, அவர்களுக்குச் சொல்லித்தர ஆளே வைக்காமல் இருப்பது என்ன நியாயம் என்பதுதான் வழக்கின் சாரம். எத்தனை குழந்தைக்கு எத்தனை சிறப்பு ஆசிரியர் என்று விகிதம் வகுக்கச் சொன்னது நீதிமன்றம். மத்திய அரசு 2022 செப்டம்பரில் அரசிதழில் அறிவித்தது: தொடக்க வகுப்புகளில் பத்துக் குழந்தைக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர்.

அறிவித்ததோடு சரி. 2025 மார்ச் 7-ஆம் தேதி அதே வழக்கு நீதிபதிகள் சுதான்ஷு துலியா, வினோத் சந்திரன் அமர்வின் முன் வந்தபோது, பெரும்பாலான மாநிலங்கள் தங்களுக்கு எத்தனை பணியிடம் தேவை என்ற கணக்கைக்கூட முறையாக வெளியிட்டிருக்கவில்லை. சில மாநிலங்களில் ஒப்பந்த அடிப்படையில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவர்கள் இருப்பதையும் நீதிமன்றம் குறிப்பிட்டது. மூன்று வாரத்துக்குள் பணியிடங்களை அறிவியுங்கள், ஒப்பந்த ஆசிரியர்களின் தகுதியைப் பார்த்து முறைப்படுத்த ஒரு குழு அமையுங்கள், அந்தக் குழுவில் ஆர்.சி.ஐ.யின் பிரதிநிதியும் இருக்கட்டும் என்றது.

கடைசி வரியைக் கவனியுங்கள். எத்தனை வருஷம் வேலை பார்த்திருந்தாலும் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த தகுதி இருந்தால்தான் பேச்சே. ஒரு பக்கம் ஆள் தேவை திடீரென்று பெருகுகிறது. இன்னொரு பக்கம் வாசலில் நிற்கும் காவலர் விறைப்பாகவே நிற்கிறார். தேவையின் அளவுக்கு ஓர் அடையாளம் வேண்டுமென்றால், 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் 19 வயது வரையிலான மாற்றுத்திறனாளிகள் 78 லட்சத்துக்கும் மேல். அந்தக் கணக்கெடுப்பு எடுத்துக்கொண்ட சில குறைபாட்டு வகைகளை மட்டும் வைத்து எடுத்த கணக்கு அது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கிவிட்டது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் வந்த பிறகு, முன்பு 'மக்கு', 'அடங்காதவன்' என்று பெயர் வாங்கிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் இந்தக் கணக்குக்குள் வருகிறார்கள்.

அப்படி என்ன பெரிய படிப்பு?

ஸ்டாஃப் ரூமில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டு விதமான பதில் கேட்கும். 'அதெல்லாம் பொறுமை இருந்தா போதும் சார்' என்பது ஒன்று. 'அது நமக்குச் சரிப்படாது, அதுக்குன்னு ஆள் இருக்காங்க' என்பது இன்னொன்று. முதல் பதில் தொழில்நுட்பத்தை மறந்துவிடுகிறது. இரண்டாவது குழந்தையையே மறந்துவிடுகிறது.

தொழில்நுட்பம் என்று சொன்னேன். பிரெயிலை எடுத்துக்கொள்வோம். மேலும் கீழுமாக மூன்று, இரண்டு வரிசை, மொத்தம் ஆறு புள்ளி. எழுதும்போது கெட்டித்தாளைச் சட்டத்தில் பொருத்தி, ஊசியால் பின்பக்கத்திலிருந்து குத்த வேண்டும். அதனால் வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி மனதில் பிடித்துக்கொண்டால்தான் கை ஓடும். தமிழ் பிரெயிலில் இன்னொரு கூத்தும் உண்டு. அச்சில் 'கொ' எழுதினால் ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். பிரெயிலில் அந்தச் சிக்கலே இல்லை. முதலில் க, அடுத்து ஒ. பார்வையற்ற குழந்தைக்கு இது கண்பார்வை உள்ள குழந்தை படிப்பதைவிட எளிது. ஆனால் புள்ளி வைத்த எழுத்துக்கு, அந்தப் புள்ளிக்கான அடையாளம் எழுத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். இருபது வருஷம் 'ம் என்றால் தலையில் புள்ளி' என்று சொல்லிக்கொடுத்த ஆசிரியர், இந்தக் குழந்தைக்கு அதை வேறு மாதிரி சொல்லித்தர வேண்டும். பொறுமை மட்டும் இருந்தால் இது வராது.

அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுப்பது வேறு மாதிரியான வித்தை. நாம் வழக்கமாக முதல் படியிலிருந்து ஆரம்பிப்போம். துணியைப் பிடி, பொத்தானைப் பிடி, ஓட்டைக்குள் நுழை. பிள்ளை இரண்டாவது படியில் சோர்ந்துபோய்ச் சட்டையைக் கழற்றி எறிந்துவிடும். பயிற்சி பெற்றவர் வேலையை ஏழெட்டுத் துண்டாக உடைப்பார். கடைசித் துண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தானே செய்துவிட்டு, பாதி நுழைந்து நிற்கும் பொத்தானை வெளியே இழுப்பதை மட்டும் பிள்ளையிடம் விடுவார். இழுத்தால் வேலை முடிந்தது, கைதட்டல். அது கை வந்த பிறகு கடைசிக்கு முந்திய துண்டு. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வருவார்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளை 'முடித்துவிட்டேன்' என்ற இடத்தில்தான் நிற்கும். எந்தத் துண்டில் எத்தனை நாள் நின்றது, எந்த உதவியோடு செய்தது என்று தாளில் குறித்து வைப்பார்கள். அந்தக் குறிப்புதான் அந்தப் பிள்ளைக்கான தனிநபர் கல்வித் திட்டத்தின் உயிர்.

இதைப் புத்தகத்தில் படிக்க அரை மணி நேரம் போதும். கையில் வர, வாரக்கணக்கில் ஒரு பிள்ளையோடு உட்கார வேண்டும். பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நின்று, 'இப்ப நீங்க கையை எடுத்துடுங்க, அவனே செய்வான்' என்று சொல்ல வேண்டும். மாற்றுப் பாதைகளைப் பற்றி இந்தக் கட்டுரையில் சொல்லப்போவதை எல்லாம் இந்த இடத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. படிப்புக் காலத்தைச் சுருக்கலாம். பக்கத்தில் ஆள் நிற்கும் நேரத்தைச் சுருக்கக் கூடாது.

இருக்கும் வழிகள்

நேர்வழி, இரண்டாண்டு பி.எட். சிறப்புக் கல்வி. 2015 வரை ஓராண்டாக இருந்தது, பொது பி.எட். இரண்டாண்டு ஆனபோது இதுவும் கூடவே நீண்டது. கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனம், அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம் என்று தமிழ்நாட்டில் இதற்குப் பழைய, நல்ல இடங்கள் உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பன்முகக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமான நிப்மெட் 2005-லிருந்து இயங்குகிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இரண்டாண்டு டிப்ளமோ தனி.

புதிதாக ஆசிரியராக வருபவருக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏற்கெனவே பி.எட். முடித்துப் பத்து வருஷம் ஆனவர் இதில் சேர்ந்தால்தான் வேடிக்கை. அவருடைய முதல் பி.எட்.டில் 'சமகால இந்தியாவும் கல்வியும்' என்று ஒரு தாள் இருந்திருக்கும். சிறப்புக் கல்வி பி.எட்.டிலும் அதே தலைப்பில் ஒரு தாள். குழந்தை வளர்ச்சி, கற்றல் கோட்பாடு, பாடம் கற்பிக்கும் முறை, எல்லாமே இரண்டாம் முறை. மொத்தப் படிப்பில் அவருக்கு உண்மையிலேயே புதிதாக இருப்பது குறைபாடு சார்ந்த தாள்களும் செய்முறையும் களப்பயிற்சியும்தான். தெரிந்ததைத் தெரிந்ததாக ஏற்றுக்கொண்டு கழித்துவிட்டால் காலம் கணிசமாகக் குறையும். கழிப்பதற்கு விதி இல்லை.

வேலையை விடாமல் படிக்க, தொலைநிலை வழி ஒன்று உண்டு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பார்வை, செவித்திறன், அறிவுத்திறன் குறைபாடு ஆகிய பிரிவுகளில் பல ஆண்டுகளாக பி.எட். சிறப்புக் கல்வியை நடத்தி வந்திருக்கிறது. காலம் இரண்டரை ஆண்டு. சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் நேரடி வகுப்பு. அதுவரை சமாளித்துவிடலாம். களப்பயிற்சிக்கு சிறப்புப் பள்ளிக்குப் போயாக வேண்டும். சிறப்புப் பள்ளியும் திங்கள் முதல் வெள்ளிதான் நடக்கும். அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் படிப்பில் சேரவே துறை அனுமதி, பிறகு விடுப்புக்கு அனுமதி. தனியார் பள்ளி என்றால் 'போங்க, ஆனா திரும்பி வரும்போது இடம் இருக்குமான்னு சொல்ல முடியாது' என்ற பதில். பெண் ஆசிரியர்களுக்கு வீட்டிலும் ஒரு தலைமை ஆசிரியர் உண்டு. அந்த அனுமதியைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒரு வழி இருப்பதைப் பலர் அறிய மாட்டார்கள். டெல்லி அரசுப் பள்ளிகளுக்கான சிறப்புக் கல்வி ஆசிரியர் நியமன விதியைப் பார்த்தால், பி.எட். சிறப்புக் கல்வி, அல்லது பொது பி.எட்.டோடு சிறப்புக் கல்வியில் இரண்டாண்டு டிப்ளமோ, அல்லது சிறப்புக் கல்வியில் முதுநிலைத் தொழிற்பட்டயம், அல்லது ஆர்.சி.ஐ. ஏற்கும் இணையான தகுதி என்று இருக்கிறது. அந்த முதுநிலைத் தொழிற்பட்டயம் ஏற்கெனவே பி.எட். முடித்தவர்களுக்கென்றே வகுக்கப்பட்டது, மத்தியப் பிரதேச போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆர்.சி.ஐ.யோடு சேர்ந்து நடத்தியது. நமக்குத் தேவையான பக்கத்து வாசல் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் இன்று நம் ஊர் ஆசிரியருக்கு எளிதில் எட்டும் இடத்தில் அது இல்லை.

குறுக்குவழியும் ஒன்று இருந்தது. அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்தில், பொது ஆசிரியர்களுக்கு 90 நாள் அடிப்படைப் பயிற்சி கொடுத்தார்கள். தொடங்கிய நோக்கம் நல்லது. சாதாரண வகுப்பாசிரியருக்குக் குறைபாடுகள் பற்றிய அறிமுகம் வேண்டும் என்பதுதான். ஆள் இல்லாத இடங்களில் அறிமுகம் பெற்றவரையே நிபுணராக்கிவிடும் ஆசை நிர்வாகத்துக்கு எப்போதும் வரும். 90 நாளில் ஒரு குழந்தையின் நிலையை அடையாளம் காணக் கற்கலாம். அதற்கு மேல் செய்ய முடியும் என்று நான் நம்பவில்லை. இப்போது அந்த அடையாளம் காணும் வேலைக்கு என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் வெளியிட்ட 'பிரசஸ்த்' என்ற செயலியே வந்துவிட்டது. முதல் பகுதியை வகுப்பாசிரியர் நிரப்புவார். இரண்டாம் பகுதியைச் சிறப்பு ஆசிரியர் நிரப்ப வேண்டும். இரண்டாம் பகுதிக்கு ஆள் எங்கே என்ற கேள்விக்கு செயலியில் பதில் இல்லை.

இதற்கு எதிர்த்திசையில் போவது எவ்வளவு சுலபம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறப்புக் கல்வியில் டிப்ளமோவோ பி.எட்.டோ படித்தவர் சாதாரணப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு ஆசிரியராக வந்தால், பணியில் சேர்ந்த பிறகு ஆறு மாதச் சிறப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்று என்.சி.டி.இ. தன் 2011 அறிவிக்கையில் விதி வைத்தது. அங்கிருந்து இங்கே வர ஆறு மாதம், அதுவும் சம்பளத்தோடு. இங்கிருந்து அங்கே போக இரண்டு வருஷம், சொந்தக் காசில். இரண்டு திசையும் ஒரே அளவு எளிது ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதல் விதியை எழுதியவர்களுக்கு, பணியில் இருந்தபடியே கற்க முடியும் என்ற எண்ணம் தோன்றியிருக்கிறதே!

அமெரிக்கா எங்கே சறுக்கியது?

மாற்று உரிமம் என்ற ஏற்பாட்டை வருஷக்கணக்கில் சோதித்துப் பார்த்த நாடு அமெரிக்கா. 1980-களின் நடுவில் நியூஜெர்ஸி மாநிலம், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்குப் போகாமலே வேறு வழியில் ஆசிரியர் ஆகலாம் என்று ஆரம்பித்து வைத்தது. மற்ற மாநிலங்கள் பின்னாலேயே வந்தன. 1975-இல் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விக்குத் தனிச் சட்டம் போட்ட அந்த நாட்டில், இன்று சுமார் 75 லட்சம் மாணவர்கள் சிறப்புக் கல்வி பெறுகிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர். ஆசிரியர் பற்றாக்குறைப் பட்டியலில் சிறப்புக் கல்வி இல்லாத வருஷமே இல்லை.

டெக்சாஸ் எடுத்த வழி மிக எளிது. ஏற்கெனவே சான்று பெற்ற வகுப்பாசிரியர், சிறப்புக் கல்விக்கான மாநிலத் தேர்வை எழுதித் தேறினால் அந்தப் பிரிவும் அவர் சான்றிதழில் சேர்ந்துவிடும். படிப்பு வேண்டாம், களப்பயிற்சி வேண்டாம். கணக்கு டீச்சர் ஒருவர் கோடை விடுமுறையில் கைடு வாங்கிப் படித்து, ஆகஸ்டில் ஆட்டிசம் வகுப்புக்குள் நுழையலாம். இதே மாநிலத்தில் இன்னொரு கதையும் நடந்தது. 2004-லிருந்து, மாணவர்களில் 8.5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கல்வியில் சேர்க்காமல் இருப்பதை மாநிலக் கல்வித் துறை ஓர் அளவுகோலாக வைத்து மாவட்டங்களை மதிப்பிட்டது. 2016-இல் ஒரு ஹூஸ்டன் நாளிதழ் இதைத் தோண்டி எடுத்தது. 2018-இல் மத்திய கல்வித் துறையும் இது சட்ட மீறல் என்று சொன்னது. வரம்பை எடுத்ததும் அதுவரை வெளியே நிறுத்தியிருந்த பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். ஆசிரியர் தேவை எகிறியது. குழந்தைகளைக் கணக்கில் காட்டாமல் இருந்தால் ஆசிரியர் பற்றாக்குறையும் தெரியாது. இந்தச் சூத்திரம் டெக்சாஸுக்கு மட்டும் சொந்தமானது என்று நினைக்க வேண்டாம்.

அமெரிக்க மத்தியச் சட்டத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு பகுதி இருக்கிறது. அவசரச் சான்று, தற்காலிகச் சான்று என்று எதையாவது கொடுத்துச் சிறப்புக் கல்வி ஆசிரியர் நாற்காலியை நிரப்பக் கூடாது என்கிறது அது. ஆனால் மாற்றுப் பாதையில் படித்துக்கொண்டிருப்பவரை வகுப்பில் வைத்துக்கொள்ளலாம். அதற்குச் சில நிபந்தனைகள்: வகுப்பறையை மையமாகக் கொண்ட தீவிரப் பயிற்சி தொடர்ந்து நடக்க வேண்டும், மேற்பார்வையோ மூத்த ஆசிரியரின் வழிகாட்டுதலோ இருக்க வேண்டும், முழுச் சான்றை நோக்கி அவர் முன்னேறுவது தெரிய வேண்டும், எல்லாம் அதிகபட்சம் மூன்று வருஷம். கலிபோர்னியாவில் இப்படி 'இன்டெர்ன்' உரிமம் பெறுபவர் வகுப்புக்குள் போவதற்கு முன்பே 120 மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும். போன பிறகு வருஷத்துக்கு 144 மணி நேரம் அவருக்குத் துணை நிற்க வேண்டியது பள்ளியும் கல்லூரியும். அதாவது, பொறுப்பு கற்பவர் தலையில் மட்டும் இல்லை. 2022 ஜனவரியில் டென்னஸி இன்னொரு படி போய், ஆசிரியர் வேலையையே சம்பளத்தோடு கற்கும் தொழிற்பழகுநர் திட்டமாக மத்தியத் தொழிலாளர் துறையிடம் பதிவு செய்தது. நாட்டில் அதுதான் முதல். எலெக்ட்ரீஷியனும் பிளம்பரும் கற்கும் முறை ஆசிரியருக்கு ஏன் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள்.

காகிதத்தில் இருக்கும் இந்த நிபந்தனைகள் அங்கே எல்லாப் பள்ளியிலும் ஒழுங்காக நடக்கின்றன என்று நான் சொல்லவில்லை. ஆள் கிடைக்காத மாவட்டத்தில் வழிகாட்டியாக நிற்க வேண்டிய மூத்த ஆசிரியரும் கிடைக்க மாட்டார். ஆனாலும் டெக்சாஸின் தேர்வுக்கும் கலிபோர்னியாவின் 144 மணி நேரத்துக்கும் இடையே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதலாவது ஆசிரியருக்குத் தெரிந்ததை அளக்கிறது. இரண்டாவது அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறது.

படித்துவிட்டு எங்கே போவது?

சரி, ஒருவர் எப்படியோ படித்து, பதிவேட்டில் பெயரும் ஏற்றிவிட்டார். தமிழ்நாட்டில் அவருக்கு என்ன காத்திருக்கிறது?

அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் கீழ், வட்டார வள மையங்களிலிருந்து இயங்குகிறார்கள். ஒப்பந்தம், தொகுப்பூதியம். ஒருவர் கையில் பல பள்ளிகள். பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளின் வீடுகளும் அவர் பட்டியலில் உண்டு. அவருடைய பட்டம் பார்வைக் குறைபாட்டில் இருக்கும்; திங்கட்கிழமை போகும் பள்ளியில் பெருமூளை வாதம் உள்ள குழந்தை, செவ்வாய்க்கிழமை வீட்டில் ஆட்டிசம், புதன்கிழமை காது கேளாத பிள்ளை. உரிமம் குறைபாடு வாரியாகக் கொடுக்கப்படுகிறது; வேலை வட்டார வாரியாகக் கொடுக்கப்படுகிறது. தன் பிரிவில் தேர்ந்தவர்கூட வாரத்தில் நாலு நாள் தேர்ச்சி இல்லாத வேலையைத்தான் பார்க்கிறார். சிறை, அபராதம் என்று கறாராகப் பேசும் சட்டம் இந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறது.

சம்பளமும் டெல்லியின் மனநிலையைப் பொறுத்தது. 2024-25-இல் மத்திய அரசின் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று சொல்லி மத்திய அரசு சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். அந்தத் தலைப்பிலிருந்துதான் சிறப்புப் பயிற்றுநரின் தொகுப்பூதியம் வருகிறது என்பது பலர் கவனத்துக்கு வரவில்லை.

இப்போது பட்டதாரி ஆசிரியர் ஒருவரின் இடத்தில் நின்று பாருங்கள். காலமுறை ஊதியம், பதவி உயர்வு, மாறுதல் கலந்தாய்வு எல்லாம் உள்ள வேலையில் இருக்கிறார். இரண்டரை வருஷம் படித்துவிட்டு தொகுப்பூதியத்துக்குப் போவாரா? போக மாட்டார். போகச் சொல்வதும் நியாயம் இல்லை. அதனால் இந்தப் படிப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான்: வேறு வேலை கிடைக்காத இளைஞர்கள், தங்கள் வீட்டிலேயே இப்படி ஒரு குழந்தை உள்ளவர்கள். இரண்டாவது வகையினரைப் போல் உழைப்பவர்கள் யாரும் இல்லை. ஆனால் மாநிலத்தின் பள்ளி அமைப்பு வீட்டுத் துயரத்தை நம்பி ஆள் எடுக்கக் கூடாது.

இதில் ஒரு முரண். தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐத் தமிழ்நாடு எதிர்க்கிறது. எதிர்க்க வலுவான காரணங்களும் உண்டு. அதே ஆவணத்தின் 5.21-ஆவது பத்தி, பணியில் உள்ள பொது ஆசிரியர்களும் பாட ஆசிரியர்களும் சிறப்புக் கல்வியை இரண்டாம் நிபுணத்துவமாகச் சான்றிதழ்ப் படிப்பு மூலம் பெற வழி வேண்டும், அது முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ இருக்கலாம், என்.சி.டி.இ.யும் ஆர்.சி.ஐ.யும் பாடத்திட்டத்தில் ஒத்துப்போக வேண்டும் என்கிறது. இந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தில் சொன்ன பாலத்தின் வரைபடம் அதுதான். மத்திய அரசு அதை வரைந்ததோடு நிறுத்திக்கொண்டது. ஆவணத்தின் மற்ற பக்கங்களோடு சண்டை இருப்பதால் மாநிலம் இந்தப் பத்தியைத் தொடவில்லை.

தொடலாம். கொள்கையை ஏற்காமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. ஒவ்வொரு வட்டாரத்திலும் விருப்பமுள்ள சில ஆசிரியர்களைத் துறையே தேர்ந்தெடுத்து, சம்பளத்தோடு களப்பயிற்சிக்கு விடலாம். பயிற்சிக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கின்றன, சென்னையில் வித்யாசாகர் இருக்கிறது, ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. வட்டார வள மையத்தில் வருஷக்கணக்கில் அலைந்து தேர்ந்த சிறப்புப் பயிற்றுநர்களை நிரந்தரமாக்கி, புதியவர்களுக்கு வழிகாட்டியாக நியமித்து அதற்கு ஊதியமும் கொடுக்கலாம். சிறப்புக் கல்வித் தகுதி பெற்ற ஆசிரியருக்கு அவருடைய பணி மூப்பைக் கலைக்காமல் பணியிடம் கொடுக்க ஓர் அரசாணை போதும். பழைய பி.எட். தாள்களைக் கழித்துக்கொள்ளும் விஷயம் மட்டும் ஆர்.சி.ஐ. கையில் இருக்கிறது, அதற்கு மாநிலம் கேட்க வேண்டும், அழுத்திக் கேட்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க முடியாமல் இந்த வருஷமே சேர நினைக்கும் ஆசிரியர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. 'ஆறு மாதத்தில் ஆன்லைனில் சிறப்புக் கல்வி டிப்ளமோ' என்ற விளம்பரங்கள் போனைத் திறந்தால் கொட்டுகின்றன. சிலவற்றில் உபயோகமான பாடமும் இருக்கலாம். ஆனால் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இல்லாத எந்தச் சான்றிதழும் பதிவேட்டு எண்ணாக மாறாது. நிழல் ஆசிரியர் வேலைக்குத் தனியார் பள்ளி எடுத்துக்கொண்டாலும், அரசுப் பணி அறிவிப்பு வரும் நாளில் அது செல்லாது. நிறுவனத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இந்தப் படிப்புக்கு, இந்தக் குறைபாட்டுப் பிரிவுக்கு, இந்தக் கல்வியாண்டுக்கு உண்டா என்று கேளுங்கள். அங்கீகாரம் காலவரையறையோடுதான் தரப்படுகிறது, பட்டியல் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் இருக்கிறது. களப்பயிற்சி எந்தப் பள்ளியில், எத்தனை நாள், யார் மேற்பார்வையில் என்று எழுத்தில் வாங்குங்கள். எண் கிடைத்த பிறகும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் பயிற்சி வகுப்புகளில் புள்ளிகள் சேர்க்க வேண்டும் என்பதையும் இப்போதே செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.